சேத்துத் தண்ணி மெஷின் வாடகைக்கு எடுத்த கதை: 14 மாச ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், இது எல்லாருக்குமான ரிவ்யூ கிடையாது. சிங்கப்பூர்ல கட்டுமான சைட்ல இ.சி.எம் பாக்குறவங்க, இல்ல "தம்பி நீ சும்மாதானே இருக்க, இதையும் பாத்துக்கோ"ன்னு அந்த வேலைய புதுசா தலையில கட்டிவிடப்பட்டவங்க, அவங்களுக்குத்தான். என் தலையில அப்படித்தான் கட்டினாங்க. இ.சி.எம்னா எர்த் கன்ட்ரோல் மெஷர்ஸ், அதாவது மழை பெஞ்சா சைட்டு மண்ணு தண்ணியோட சேந்து வெளிய இருக்குற காவாய்க்கு போகாம பாத்துக்குறது. எழுதும்போது ஒரு வரி, செய்யும்போது தூக்கம் போயிடும்.

எங்க சைட் மேற்குப் பக்கம், புதுசா வர்ற பசுமைக் குடியிருப்பு. தெங்கா டவுன் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, 700 ஹெக்டேர்ல 42,000 வீடு, நடுவுல 100 மீட்டர் அகலத்துல அஞ்சு கிலோமீட்டருக்கு காட்டுப் பாதைன்னு பிளான் போட்ட ஃபாரஸ்ட் டவுன். அந்த மாதிரி வகையறான்னு வச்சுக்கோங்க, எந்த சைட்டுன்னு மட்டும் கேக்காதீங்க. பிரௌஷர்ல வண்ணத்துப்பூச்சி பறக்குது, பிள்ளைங்க ஓடைப் பக்கத்துல சைக்கிள் ஓட்டுது, ஆனா அந்தப் படத்துக்கு முன்னாடி ரெண்டு மூணு வருஷம் அங்க இருக்குறது செம்மண்ணும் எக்ஸ்கவேட்டரும் நாங்களும்தான். அந்தக் காலத்துல ஓடைய நாங்களே சேறாக்கிட்டா அப்புறம் என்ன பச்சை டவுன் சொல்லுங்க. இங்க நிலத்துல மூணுல ரெண்டு பங்கு மழைத் தண்ணிய பிடிக்கிற கேச்மென்ட், காவாய்ல போறது கடைசில 17 நீர்த்தேக்கத்துல ஒண்ணுல போய் சேரும், அதத்தான் சுத்தம் பண்ணி குடிக்கிறோம். அதனால இங்க ரூல் விளையாட்டு இல்ல. வெளிய விடுற தண்ணில லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல மண்ணு இருக்கக்கூடாது.

50 மில்லிகிராம்னா எவ்வளவுன்னு புரியணும்னா, ஆயிரம் லிட்டர் டேங்க்ல 50 கிராம் மண்ணு. ஒரு கைப்பிடி கூட வராது. மழை விட்டதும், சைட்டுத் தண்ணிய பிடிச்சு வைக்கிற எங்க குட்டைல லிட்டருக்கு சில ஆயிரம் மில்லிகிராம் மண்ணு இருக்கும், பாத்தா டீக்கடைல பால் தூக்கலா போட்ட டீ மாதிரியே இருக்கும்.

அதுக்குத்தான் இந்த மெஷின். சப்ளையர் பேர் போடல, ஏன்னா நல்லதும் எழுதப்போறேன் கெட்டதும் எழுதப்போறேன், அப்புறம் எங்க ஆபீஸுக்கு போன் வரும். மார்க்கெட்ல இருக்குற எல்லாமே ஏறக்குறைய ஒரே டிசைன்தான், அதனால யார்கிட்ட எடுத்தாலும் இது உதவும்.

பாக்க கன்டெய்னர் சைஸ்ல ஒரு இரும்புப் பொட்டி. குட்டைல இருந்து பம்ப் தண்ணிய இழுத்து முதல் அறைல விடும், அங்க பி.ஏ.சி, அதான் பாலி அலுமினியம் குளோரைடு, கரைச்சு சொட்டு சொட்டா கலக்கும், அடுத்த அறைல பாலிமர் கொஞ்சம், அப்புறம் சாய்வா அடுக்கி வச்ச தகடுங்க வழியா தண்ணி மேல ஏறும்போது மண்ணு கட்டி கட்டியா சேந்து தகட்டுல வழுக்கி கீழ போயிடும். வெளிய போற பைப்ல ஒரு சென்சார். கணக்கு 50க்கு கீழ இருந்தா வால்வு காவாய் பக்கம் திறக்கும், தாண்டுச்சுன்னா தண்ணிய திரும்ப குட்டைக்கே அனுப்பிடும். நாங்க 40லயே திருப்புற மாதிரி செட் பண்ணி வச்சோம், 50ல வச்சுட்டு நெஞ்சு படபடன்னு உக்காந்திருக்க முடியாது. காவாய் வாயில கேமரா வேற இருக்கு, தண்ணி கலர் மாறுனா நமக்கு முன்னாடி வேற யாராவது பாத்துடுவாங்க.

ஏன் மருந்து போடணும், குட்டைல விட்டா தானா அடங்காதான்னு எங்க மேனேஜரே கேட்டாரு. மணல்னா அடங்கும், பொடி மணல் ஒரு மீட்டர் இறங்க ரெண்டு நிமிஷம் போதும். களிமண்ணு அப்படி இல்ல, ரெண்டு மைக்ரான் துகள் அசையாத தண்ணில ஒரு மீட்டர் இறங்கவே ரெண்டரை மூணு நாள் ஆகும், அதுக்குள்ள அடுத்த மழை வந்து குட்டைய கலக்கிட்டுப் போயிடும். மேற்குப் பக்கம் மண்ணு ஜூரோங் ஃபார்மேஷன், மக்கிப்போன மட்ஸ்டோன் நிறைய, கைல தேச்சா மாவு மாதிரி இருக்கும். அந்தத் துகளெல்லாம் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே மிதக்கும், அதுங்கள ஒண்ணு சேக்கத்தான் பி.ஏ.சி.

இப்ப ரிவ்யூவுக்கு வரேன். மெஷின் நல்லா வேலை செய்யுமா? செய்யும். சரியா செட் பண்ணிட்டா உள்ள போற டீ வெளிய வரும்போது குழாய்த் தண்ணி மாதிரி வரும், முதல் தடவ பாத்தப்ப எங்க பங்களாதேஷ் தம்பி ஒருத்தன் பாட்டில்ல பிடிச்சு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினான். ஆனா அந்த "சரியா செட் பண்ணிட்டா"ல தான் ரெண்டு மாசம் போச்சு.

பிரௌஷர்ல மணிக்கு 60 கன மீட்டர்னு போட்டிருந்துச்சு. எங்க களிமண்ணுக்கு அது 35, நல்ல நாள்ல 40. அதுக்கு மேல தள்ளுனா கட்டி உடைஞ்சு மேல வந்துடும், சென்சார் சிவப்பு காட்டும். சேல்ஸ்ல வந்தவர்கிட்ட கேட்டா "சாயில் கண்டிஷனப் பொறுத்தது சார்"னு ஒரே வார்த்தை. சரிதான், ஆனா அத கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி சொல்லணும்ல. வாடகை பேசும்போது உங்க சைட்டு மண்ண ஒரு வாளி அள்ளிக் குடுத்து, இத வச்சு ஜார் டெஸ்ட் பண்ணி எவ்வளவு ஓடும்னு எழுத்துல குடுங்கன்னு கேளுங்க. ஜார் டெஸ்ட் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, ஆறு கிளாஸ்ல அதே சேத்துத் தண்ணி, ஒவ்வொண்ணுலயும் மருந்து அளவு மாத்தி கலக்கி வச்சு எது சீக்கிரம் தெளியுதுன்னு பாக்குறதுதான். நாங்க முதல்ல கண்ணு மதிப்புல மருந்து போட்டோம். கம்மியா போட்டா தெளியாது சரி, அதிகமா போட்டாலும் தெளியாதுன்னு அப்ப தெரியாது. தண்ணி கலங்க கலங்க மருந்த கூட்டிக்கிட்டே போயி, மூட்டை மூட்டையா கரைச்சு, கடைசில பி.எச் இறங்கி அது வேற பஞ்சாயத்து. 6ல இருந்து 9க்குள்ள இருந்தாத்தான் காவாய்ல விட முடியும்.

சென்சார் பத்தி ஒரு பாரா எழுதியே ஆகணும். அது எடை பாக்குறது இல்ல, தண்ணில வெளிச்சத்த அடிச்சு எவ்வளவு சிதறுதுன்னு பாத்து கலங்கல் அளவ எடுத்து, அத ஒரு கணக்கு வச்சு மில்லிகிராமா மாத்திக் காட்டுது. அந்தக் கணக்கு ஒவ்வொரு மண்ணுக்கும் வேற. நிஜமான எடை தெரியணும்னா லேப்ல வடிகட்டி 105 டிகிரில காயவச்சு நிறுத்துப் பாக்கணும். எங்களுக்கு வந்த மெஷின்ல முன்னாடி சைட்டோட கணக்கே இருந்துச்சு, லேப் ரிசல்ட்டோட ஒப்பிட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. அதோட கண்ணாடில பாசி மாதிரி ஒரு வழுவழுப்பு படியும். ஒரு நாள் ராத்திரி தண்ணி பளிச்சுன்னு இருக்கு, சென்சார் 80ன்னு காட்டுது, மெஷின் பாவம் விசுவாசமா எல்லாத்தையும் திரும்ப குட்டைக்கே அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு, காலைல வந்து பாத்தா குட்டை விளிம்பு வரைக்கும் தளும்புது, மேல மேகம் கருக்குது. தினமும் காலைல மெல்லிய துணியால தொடைக்கிற வேலைக்கு ஒரு ஆள் பேர் எழுதி ஒட்டினோம், அதுக்கப்புறம் பிரச்சனை இல்ல. மெஷின் கூட தானா தொடைக்கிற பிரஷ் வச்ச மாடலும் இருக்காம், வாடகை கூட. எடுக்கலாம்னு தோணுது.

சர்வீஸ். வார நாள்ல அஞ்சுக்கு நாலு மார்க் போடுவேன். வர்ற மெக்கானிக் நம்ம ராமநாதபுரம் பக்கத்துப் பையன், வேலை தெரிஞ்சவன், "அண்ணே பம்ப குட்டை அடில போடாதீங்க, மிதவைல கட்டி மேல் தண்ணிய இழுங்க, பாதி சண்டை அங்கயே முடிஞ்சிரும்"னு வந்த முதல் நாளே சொன்னான். நாங்க அடில போட்டு சேத்தையே உறிஞ்சிக்கிட்டு இருந்தோம். பழைய பெயின்ட் டிரம் ரெண்ட கட்டி மிதக்க விட்டதுக்கு அப்புறம் நிஜமாவே வித்தியாசம் தெரிஞ்சுது. ஆனா ஞாயித்துக்கிழமை? சுமத்ரா ஸ்குவால் தெரியும்ல, மலாக்கா ஸ்ட்ரெய்ட தாண்டி விடியக்காலைல வர்ற மழைக்காத்து, ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் எப்ப வேணா வரும், அதுக்கு ஞாயிறு திங்கள்லாம் கிடையாது. ஒரு ஞாயிறு அஞ்சரை மணிக்கு வந்துச்சு, மருந்து கலக்குற டோசிங் பம்ப் டிரிப் ஆயிடுச்சு, 24 மணி நேர ஹாட்லைன்னு ஸ்டிக்கர்ல போட்டிருந்த நம்பருக்கு அடிக்கிறேன் அடிக்கிறேன், யாரும் எடுக்கல. கடைசில அந்தப் பையனோட சொந்த நம்பருக்கு அடிச்சு, அவன் தூக்கத்துல படுத்துக்கிட்டே "அண்ணே சிவப்பு பட்டன் கீழ ஒரு பிரேக்கர் இருக்கும் பாருங்க"ன்னு சொல்லி, நான் செருப்போட சேத்துல நின்னு போட்டேன். கம்பெனிக்கு அஞ்சுக்கு ரெண்டு, அந்தப் பையனுக்கு பத்து.

கொட்டேஷன்ல இல்லாத செலவு ஒண்ணு இருக்கு, ஸ்லட்ஜ். மெஷின் மண்ண மாயமா மறைய வைக்கிறது இல்லங்க, தண்ணில இருந்து பிரிச்சு அடில கூழா வைக்குது, அத யார் எடுக்குறது? எங்க கான்ட்ராக்ட்ல நாங்களாம். ஜியோடெக்ஸ்டைல் பைல பம்ப் பண்ணி வச்சா தண்ணி வடிஞ்சு மண்ணு நிக்கும், ஆனா மழைக்காலத்துல அது காயவே காயாது, பை பன்னிக்குட்டி மாதிரி வரிசையா படுத்துக்கிடக்கும், லாரில ஏத்தி அனுப்புற செலவு ஒரு கட்டத்துல வாடகைய தொட்டுடுச்சு. பேசும்போதே இது யார் பொறுப்புன்னு கேட்டு எழுதி வாங்கிடுங்க.

நாங்க பண்ண தப்பும் சொல்லணும், மெஷின் மேல மட்டும் பழி போடக்கூடாது. ஒரு நாள் கான்கிரீட் லாரிக்காரர் கழுவுன தண்ணிய வாஷ்அவுட் தொட்டில விடாம நேரா எங்க குட்டைல விட்டுட்டாரு. சிமென்ட் தண்ணி பி.எச் 12 கிட்ட இருக்கும். அதுக்கப்புறம் என்ன மருந்து போட்டாலும் கட்டி சேரல, ரெண்டு நாள் ஒரு சொட்டு வெளிய விட முடியல. அதோட கொசு. மெஷின் ஓடணும்னா குட்டைல தண்ணி தேக்கணும், தண்ணி தேங்குனா டெங்கு கொசு, அதுக்கு தனி ரூல், தனி ஆள், தனி ஃபைன். ஒரு அதிகாரி தண்ணிய தேக்கி வைங்கன்னுவாரு, இன்னொருத்தர் தேக்காதீங்கன்னுவாரு, ரெண்டு பேரு சொல்றதும் நியாயம், நடுவுல நாம கொசுப்புழுவ கொல்ற பி.டி.ஐ மருந்து தெளிச்சுக்கிட்டு நிக்கிறோம்.

இப்ப நான் இந்த ரிவ்யூ எழுத உக்காந்ததே எதுக்குன்னா அதச் சொல்றேன். இங்க இ.சி.எம் பிளான் யார் வேணா போட முடியாது, கியூ.இ.சி.பின்னு, பி.இ லைசன்ஸோட (நம்ம ஊர் பி.இ டிகிரி இல்ல, புரொஃபெஷனல் இன்ஜினியர்) கூட இதுக்குன்னு கோர்ஸ் முடிச்ச இன்ஜினியர்தான் போடணும். எங்களுக்கு போட்டவர் வயசான சீனர், முதல் மீட்டிங்லயே, மண்ண மூடுங்க, மெஷின அப்புறம் பேசலாம்னாரு. நாங்க தலைய ஆட்டிட்டு மெஷின் கொட்டேஷன் வாங்க ஓடிட்டோம். மெஷின் வந்தா போட்டோ நல்லா இருக்கும், பெரிய முதலாளி வரும்போது காட்டலாம், மண்ணு மேல கேன்வாஸ் போட்டு என்னத்த காட்டுறது?

கணக்கு போட்டுப் பாருங்க. எங்க சைட் ரெண்டு ஹெக்டேர் சொச்சம். ஒரு மணி நேரத்துல 50 மில்லிமீட்டர் மழை இங்க அதிசயமே இல்ல. ரெண்டு ஹெக்டேர்ல அது 1000 கன மீட்டர், பத்து லட்சம் லிட்டர். பாதி ஓடி வந்தா கூட அஞ்சு லட்சம். எங்க மெஷின் நிஜமா ஓடுற வேகத்துல அத முடிக்க 13, 14 மணி நேரம் ஆகும், அதுவும் எதுவும் டிரிப் ஆகாம. வருஷத்துல சராசரியா 171 நாள் மழை பெய்யுற ஊருங்க இது. ஒரு மழைத் தண்ணிய முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வாசல்ல நிக்கும்.

ஒரு தடவ காவாய் லேசா கலங்கி, அதிகாரி வந்து, எழுதிக்கிட்டுப் போன அப்புறம்தான் எங்களுக்கு புத்தி வந்துச்சு. அந்தப் பெரியவர் பிளான எடுத்து முதல் பக்கத்துல இருந்து செஞ்சோம். வேலை நடக்காத இடத்துல எல்லாம் கேன்வாஸ், லாரி ஓடுற பாதைக்கு லீன் கான்கிரீட், சரிவுல தேங்காய் நார் வலை, வெளித் தண்ணி உள்ள வராம சுத்தி கட்-ஆஃப் காவாய், மூடுன இடத்துல விழுற நல்ல தண்ணிய சேத்துல கலக்காம தனியா பிரிச்சு விடுறது. பிரிச்சு விட்டதுதான் பெரிய திருப்பம், சும்மா நல்ல தண்ணிய சேறாக்கி அப்புறம் காசு குடுத்து மறுபடி நல்ல தண்ணி ஆக்கிக்கிட்டு இருந்திருக்கோம். வெறும் மண்ணா கிடந்த இடம் மூணுல ஒண்ணா குறைஞ்சுது, வாரத்துக்கு பத்து மூட்டை கரைச்ச பி.ஏ.சி மூணு மூட்டையா ஆச்சு.

நார் வலை பத்தி தனியா ஒரு வார்த்தை, இதுவும் வாங்குன சாமான் தானே. ரோல பிரிச்சா உள்ள பொள்ளாச்சி அட்ரஸ். சிரிப்பு வந்துடுச்சு, கூட நின்ன சீனக்காரர்கிட்ட எங்க ஊர் தேங்காய்னு பெருமையா சொன்னேன் (எங்க ஊர் பட்டுக்கோட்டை, பரவால்ல, அங்கயும் தேங்காய்தான்). சதுர மீட்டருக்கு 400 கிராமும் வந்துச்சு 700 கிராமும் வந்துச்சு. லேசான சரிவுக்கு 400 போதும், செங்குத்தா வெட்டுன பக்கத்துக்கு 700 போடுங்க, அங்க 400 போட்டு ஒரே மழைல கிழிஞ்சு தொங்குச்சு. பிளாஸ்டிக் வலை விலை கம்மி, ஆனா புல்லு முளைச்ச அப்புறம் அத யார் பிரிச்சு எடுக்குறது, இது ரெண்டு மூணு வருஷத்துல மக்கி மண்ணோட போயிடும். வலைய பிடிச்சு நிக்கிற பின்னுங்கள அடிக்கும்போது வலை மண்ணுல ஒட்டி உக்காரணும், கூடாரம் மாதிரி தூக்கிக்கிட்டு நின்னா கீழ தண்ணி வாய்க்கால் வெட்டிடும், மேல பாத்தா அழகா இருக்கும், அடில ஓட்டை. நார் வலைக்கு அஞ்சுக்கு அஞ்சு. சேறு வெளிய போகாம ஓரமா கட்டுற துணி வேலி, அதான் சில்ட் ஃபென்ஸ், அதுக்கு மூணு, அடில ஒரு முழம் குழி வெட்டி துணிய புதைச்சாத்தான் அது ஃபென்ஸ், இல்லன்னா வேலில காயப்போட்ட துணி.

பசுமைச் சான்றிதழுக்குன்னு வர்ற கன்சல்டன்ட் கதையும் கொஞ்சம். அவங்களுக்கு வேண்டியது லாக் புக், போட்டோ, மழை அளவு, எப்ப எத சரி பண்ணோம்னு தேதி. அமெரிக்கக்காரங்களோட லீட்ங்குற பசுமைச் சான்றிதழ்ல குடியிருப்புப் பகுதிக்குன்னே ஒரு வகை வச்சிருக்காங்க, அதுல இந்த மண் கட்டுப்பாட்டுக்கு ஒரு பாயின்ட் கூட கிடையாது, ஏன்னா அது பிரீ-ரெக்விசிட், அதாவது கட்டாயம், செய்யலன்னா மீதி என்ன செஞ்சாலும் சர்டிபிகேட் இல்ல. அவங்க ரூல்ல 14 நாளைக்கு மேல வேலை நடக்காதுன்னா அந்த மண்ண உடனே மூட ஆரம்பிக்கணும்னு இருக்கு. எனக்கு பிடிச்சது அதுதான். நாங்க அத அப்படியே எடுத்து சைட் போர்டுல எழுதி வச்சோம், எந்த பிளாக் எத்தனை நாளா சும்மா கிடக்குன்னு ஃபோர்மேன் தினமும் நம்பர மாத்துவாரு. ஒத்தப் பைசா செலவு இல்ல.

சென்னை, கோயம்புத்தூர்ல டவுன்ஷிப் சைட்ல இருக்குற நண்பர்கள் "எங்களுக்கு மெஷின் கட்டுப்படியாகுமா"ன்னு கேக்குறாங்க. மாச வாடகை மட்டும் எங்க சைட்ல ரெண்டு ஒர்க்கர் சம்பளத்துக்கு மேல வரும், மருந்து, கரன்ட், ஸ்லட்ஜ் தனி. உங்களுக்கு நாலஞ்சு மாசம்தான் மழை, வெட்டுற வேலைய ஐப்பசிக்கு முன்னாடி முடிச்சு நார் வலை போட்டு புல்லு விதைச்சுட்டா மெஷின் பக்கமே போக வேண்டாம். நார் வலை உங்களுக்கு பஸ் தூரத்துல கிடைக்குது, எங்களுக்கு கப்பல்ல வருது.

மொத்தத்துல மெஷினுக்கு அஞ்சுக்கு மூணரை. ரெண்டாம் கட்ட வேலை அடுத்த மாசம் ஆரம்பிக்குது, இதே சப்ளையர்கிட்டதான் எடுக்குறோம், ஆனா இதுல பாதி சைஸ் மெஷின். ஸ்லட்ஜ் அவங்க எடுத்துட்டுப் போகணும்னும், ஞாயித்துக்கிழமை போன் எடுக்கலன்னா அந்த நாள் வாடகை கிடையாதுன்னும் எழுதச் சொல்லியிருக்கேன். முதல் விஷயத்துக்கு ஒத்துக்கிட்டாங்க, ரெண்டாவதுக்கு இன்னும் பதில் வரல.